ராசிக்கல்: சொன்னவர், விற்றவர், கட்டியவர்

ஏப்ரல் 8ஆம் தேதி கடக ராசியில் ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைக்கு என்ன கல்? கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினால் மூன்று பதில் கிடைக்கும். கண்ணாடிப் பெட்டிமேல் ஆங்கில மாத அட்டவணை வைத்திருக்கிற கடையில் ஏப்ரலுக்கு வைரம். ராசி கேட்கிற கடையில் கடகத்துக்கு அதிபதி சந்திரன், ஆகவே முத்து. எண் கணிதம் பார்ப்பவரிடம் போனால் எட்டு சனியின் எண், நீலம் போடு என்பார். முத்தையும் நீலத்தையும் ஒரே கையில் சேர்க்காதே என்று எச்சரிக்கிற ஜோதிடரும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறார்.

மாத அட்டவணையைப் பார்த்தால் ஏதோ பழங்காலத்துச் சங்கதி போலத் தோன்றும். மாதத்துக்கு ஒரு கல் என்ற எண்ணம் மேற்கே பழையதுதான். ஆனால் இன்று கடைகளில் தொங்குகிற பட்டியல் 1912இல் அமெரிக்க நகை வியாபாரிகள் கான்சஸில் கூடி ஒழுங்கு செய்தது. அதற்குப் பிறகும் அவ்வப்போது கை வைத்திருக்கிறார்கள். டிசம்பருக்கு டான்சனைட் சேர்ந்தது 2002இல், ஆகஸ்டுக்கு ஸ்பினல் 2016இல். டான்சனைட் தான்சானியாவில் கண்டெடுக்கப்பட்டதே 1967இல்தான். 1950 டிசம்பரில் பிறந்த ஒருவரின் 'பிறந்த கல்' அவருக்குப் பதினாறு வயது ஆனபோதுதான் மண்ணிலிருந்து வெளியே வந்தது!

எண் கணிதம் தமிழர் வீடுகளுக்குள் பரவலாக நுழைந்ததற்குப் பண்டிட் சேதுராமனின் 'அதிர்ஷ்ட விஞ்ஞானம்' பெரிய காரணம். அதுவும் போன நூற்றாண்டுச் சரக்கு. மூன்றில் மூத்தது கிரகங்களோடு சேர்ந்த நவரத்தினக் கணக்கு. சூரியனுக்கு மாணிக்கம், செவ்வாய்க்குப் பவளம், புதனுக்கு மரகதம், குருவுக்குப் புஷ்பராகம், சுக்கிரனுக்கு வைரம் என்று அது போகும். பன்னிரண்டு ராசிக்கும் அதிபதிகள் ஏழு பேர்தான் என்பதால் ராசிக்கல்லும் ஏழுதான். ராகுவுக்கும் கேதுவுக்கும் சொந்த வீடு கிடையாது. அவர்களுடைய கோமேதகத்தையும் வைடூரியத்தையும் தசை பார்த்துத்தான் எழுதிக் கொடுப்பார்கள்.

அதைவிடப் பழையது கல்லின் குற்றம் பார்க்கிற கலை. சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதையில் கோவலன் மதுரை இரத்தினக் கடைத்தெரு வழியாக நடக்கிறான். வைரத்தில் காக்கைக்கால் போலக் கீறல் இருக்கக் கூடாது, எந்த மரகதம் ஒதுக்கத்தக்கது, எது நல்ல மாணிக்கம் என்று இளங்கோவடிகள் ஒரு கல் வியாபாரியின் கண்ணோடு சொல்லிக்கொண்டு போகிறார். முத்து வருகிற இடத்தில் சந்திரன், குரு, செவ்வாய் பெயர்கள் வரும், ஆனால் நிறத்தைச் சொல்வதற்காக. உன் ராசி என்ன என்று அந்தத் தெருவில் யாரும் கோவலனைக் கேட்கவில்லை. வெகுவாகப் பிந்தி ராசி வந்து சேர்ந்தபோதும், குற்றம் பார்க்கிற பழக்கம் போகவில்லை. தோஷமுள்ள கல்லைப் போடுவதைவிட வெறும் விரலோடு இருப்பது மேல் என்பது ஜோதிடத்தின் சொந்த விதி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

மலாயாத் தோட்டப்புறத்துத் தமிழரின் பழைய நகைகளில் கல் நிறைய உண்டு, ராசிக்கல் அபூர்வம். ஏழு கல் தோடு, சிவப்புக்கல் மூக்குத்தி, ஆண்களுக்குக் கடுக்கன். அந்தச் சிவப்பு பெரும்பாலும் கெம்பு. பிரான்ஸில் வெர்னொய் என்பவர் 1902இல் உலையில் மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்ட பிறகு, ஆலையில் செய்த சிவப்புக்கல் மலிவாக ஊர் ஊராக வந்தது. அதை யாரும் மோசடியாக நினைக்கவில்லை. தோட்டுக்குச் சிவப்பு வேண்டும், சிவப்பு இருந்தது, அவ்வளவுதான். கல்லுக்குப் பின்னால் பளபளக்கும் தகடு வைத்து அரக்கில் பதித்து மூடிவிடுவார்கள். பின்பக்கம் தெரியாது. முன்னால் விளக்கு வெளிச்சத்தில் ஜொலித்தால் போதும். செட்டியார் வீட்டு ஆச்சிகள் போட்ட வைரத்தோடு வேறு கணக்கு. தென்னாப்பிரிக்க யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரில் 'புளூ ஜாகர்' என்று அவர்கள் சொல்லும் நீலச்சாயல் வைரத்தின் அருமை அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ராசிக்கல் மோதிரம் கங்காணி, கிராணி, மளிகைக் கடைக்காரர், கொஞ்சம் கை நிமிர்ந்த ஆட்களின் சமாச்சாரம். அது கைக்கு வந்து சேர்ந்த வழியைத்தான் இங்கே சொல்ல வேண்டும். முதலில் ஜோதிடர். கோவில் வாசலிலோ, பிரிக்ஃபீல்ட்ஸ் அஞ்சடியில் கிளிக்கூண்டோடோ, தன் வீட்டுத் திண்ணையிலோ இருப்பார். ஜாதகக் கட்டத்தைப் பார்த்துத் துண்டுச் சீட்டில் எழுதுவார்: கல்லின் பெயர், எடை, விரல், போடும் கிழமை. தட்சணையை வாங்கிக்கொள்வார். கல் அவரிடம் இருக்காது. இரண்டாவது கல் வியாபாரி. இந்தப் பக்கத்துக் கல் வியாபாரத்தில் இலங்கைக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. காலியிலிருந்து வந்த பி. பி. டி சில்வா 1872லேயே சிங்கப்பூரில் கடை வைத்துவிட்டார். சிறு வியாபாரிகள் கல்லைக் காகிதப் பொட்டலத்தில் மடித்து சட்டைப் பையிலேயே கொண்டுவருவார்கள். வெள்ளைக் காகிதத்துக்குள் மெல்லிய நீலக் காகிதம், மூலையில் பென்சிலில் எடை. வெயிலில் கொண்டுபோய்ப் பார் என்பார்கள். மூன்றாவது ஆசாரி. லெபோ அம்பாங்கிலும் கிள்ளானிலும் கடைவீட்டின் பின்கட்டில் பட்டறை. குமுட்டி அடுப்பு, ஊதுகுழல், குச்சியில் உருக்கிய அரக்கு.

ராசிக்கல் ஆசாரியின் வேலையை மாற்றியது. கல் தோலில் பட வேண்டும் என்பது விதி. அதனால் தகடு வைத்து மூட முடியாது. பின்பக்கம் திறந்தே இருக்க வேண்டும். மோதிரத்தைத் திருப்பினால் கல்லின் அடிவயிறு தெரியும். அங்கேதான் கல் தன் குட்டை வெளியிடும்: குமிழி, விரிசல், மேலே மட்டும் ஏற்றின நிறம். கல்லை நகத்தில் ஏந்தி, ஒரு கண்ணை மூடி, விளக்குக்கு நேரே பிடித்து ஆசாரி பார்ப்பார். விற்றவர் அவருக்கு உறவும் இல்லை, கூட்டாளியும் இல்லை. கல் சரியில்லை என்றால் 'இதைக் கட்டி என் பெயரைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன்' என்று திருப்பிக் கொடுத்துவிட அவருக்குத் தயக்கமே இருக்காது. கூலி தங்க வேலைக்குத்தான், கல்லுக்கு அல்ல.

நீலத்துக்கு மட்டும் தனிச் சலுகை. சனியின் கல் ஆளைத் தூக்கும் அல்லது கவிழ்க்கும் என்ற பயம். எனவே மோதிரமாகக் கட்டுவதற்கு முன்னால் நீலத் துணியில் முடிந்து மூன்று இரவு தலையணைக்கு அடியில் வைப்பார்கள். கெட்ட கனவு வந்தால் வியாபாரியிடம் திரும்பிப் போகும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதைச் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். கனவை நம்புகிறீர்களோ இல்லையோ, கடனுக்குப் பொருளைக் கொடுத்து மூன்று நாள் கழித்துத் திரும்ப வாங்கிக்கொள்ள வியாபாரி சம்மதித்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இந்த மூன்று பேரும் சாதுக்கள் என்று சொல்லவில்லை. தங்கத்தில் கலப்படம் செய்த ஆசாரியையும் பரிகாரத்துக்கு மேல் பரிகாரம் எழுதின ஜோதிடரையும் எல்லாக் குடும்பமும் பார்த்திருக்கும். ஆனாலும் மூன்று பை தனித்தனியாக இருந்தது. ஒருவருடைய பேராசை அடுத்தவரின் கண்ணில் பட்டுவிடும்.

இப்போது பிரிக்ஃபீல்ட்ஸைப் பாருங்கள். செங்கல் சூளைகளால் பெயர் வந்த ஊர், ரயில்வேத் தமிழர்களின் குடியிருப்பாக வளர்ந்தது. 2001இல் கே.எல். சென்ட்ரல் வந்தது. 2010 அக்டோபர் 27 அன்று மன்மோகன் சிங்கும் நஜிப் ரசாக்கும் சேர்ந்து 'லிட்டில் இந்தியா'வைத் திறந்துவைத்தார்கள். ஜாலான் துன் சம்பந்தன் முழுக்க வளைவும் வண்ணமுமாக ஆனது. கிளி ஜோதிடர்கள் அஞ்சடியில் இன்னும் இருக்கிறார்கள், சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொள்கிறார்கள். ராசிக்கல் சொல்கிற வேலை மட்டும் அவர்கள் கையைவிட்டுக் கண்ணாடிக் கதவுக்குள் போய்விட்டது. ஒரே கடையில் கணினி ஜாதகம் போட்டுத் தருகிறார்கள், கல்லைக் காட்டுகிறார்கள், அச்சில் வார்த்த மோதிரத்தில் அரை மணி நேரத்தில் பதித்தும் தருகிறார்கள். சில இடங்களில் இந்தியாவிலிருந்து வந்த ஜோதிடர் மாடியறையில் இரண்டு வாரம் இருப்பார், ஆலோசனை இலவசம். இலவசம் என்றால் கூலி எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். தொலைக்காட்சியிலும் முகநூல் நேரலையிலும் ஒருவரே கல்லைச் சொல்கிறார், ஒருவரே விற்கிறார். பணத்தை அனுப்பினால் கூரியரில் வருகிறது. மூன்று இரவு தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்!

கல் வருகிற ஊர்களும் மாறிவிட்டன. மாணிக்கம் என்றால் பர்மா மொகோக் என்றிருந்தது. 2009க்குப் பிறகு மொசாம்பிக்கின் மோன்டெபுவேஸ் சந்தையை நிரப்புகிறது. மரகதத்துக்கு ஜாம்பியா. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1960களின் தொடக்கத்தோடு நின்றுபோனது. இன்று கடக ராசிக்காரர் விரலில் இருப்பது பெரும்பாலும் சீனாவின் நன்னீர்ச் சிப்பியில் வளர்த்த முத்து. நீலத்தின் கதை இன்னும் சுவையானது. இலங்கையில் 'கெவுடா' என்று ஒரு கல் உண்டு, பால் கலந்தாற்போல மங்கலாக இருக்கும். வேண்டாத கல்லாகக் கிடந்தது. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை வாங்கிப்போய் 1,500 டிகிரிக்கு மேல் சூடேற்றினார்கள். உலையைத் திறந்தால் நல்ல நீலம். சூடு செய்த நீலமும் இயற்கைக் கல்தான், உலகம் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. சூடு படாததற்கு விலை பல மடங்கு கூட. இதை வாங்குபவரிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் நியாயம்.

சூட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 2004 வாக்கில் விரிசல் விட்ட மட்டமான மாணிக்கத்துக்குள் ஈயக் கண்ணாடியை உருக்கி ஊற்றுகிற வித்தை சந்தைக்கு வந்தது. பொத்தல் அடைபட்டு, கல் கண்ணாடி மாதிரித் தெளிவாகிவிடும். பாதி கல், பாதி கண்ணாடி.

ஒரு கடையில் என் முறைக்காக உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் ஓர் அம்மா, கல்லூரிக்குப் போகிற மகளுக்குச் சிம்ம ராசிக்கு மாணிக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரிஜினலா, தம்பி?"

"ஒரிஜினல்தான்க்கா. கார்டு இருக்கு, பாருங்க."

அட்டையை அவர் எனக்கும் காட்டினார், கண்ணாடி கொண்டுவரவில்லையாம். வங்கி அட்டை அளவு, மேலே பிளாஸ்டிக் உறை. இடப்பக்கம் கல்லின் படம். எடை 5 கேரட்டுக்குக் கொஞ்சம் மேலே, அதாவது ஒரு கிராம். ஒளிவிலகல் 1.76 முதல் 1.77. ஒப்படர்த்தி 4.00. எண்களைப் பார்த்ததும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. ஆனால் வெர்னொய் உலையில் பிறந்த மாணிக்கத்துக்கும் இதே எண்கள்தான் வரும், ஏனென்றால் பொருள் ஒன்றுதான், அலுமினியம் ஆக்சைடு. இயற்கையா செயற்கையா, உள்ளே என்ன செய்தார்கள் என்று சொல்வது கடைசி வரி. அது எறும்பளவு எழுத்தில், ஆங்கிலத்தில்: விரிசல்களில் கண்ணாடி நிரப்பப்பட்டுள்ளது. படித்துச் சொன்னேன். அந்த அம்மா பையனைப் பார்த்தார்.

"கல்லு ஒரிஜினல்தான்க்கா," என்றான் மறுபடியும். "உள்ள மட்டும் ட்ரீட்மெண்ட் பண்ணியிருக்கு. இந்த விலைக்கு இப்படித்தான் வரும்."

பையன் பொய் சொல்லவில்லை. அட்டையும் பொய் சொல்லவில்லை. யாருமே பொய் சொல்லாமல் ஒரு வியாபாரம் இப்படி நடக்க முடிகிறது. அந்தக் கல்லில் எலுமிச்சைச் சாறு பட்டாலே உள்ளிருக்கும் கண்ணாடி அரிக்கத் தொடங்கும். ஊறுகாய் போடுகிற வீட்டில் எத்தனை நாள் தாங்கும்? மோதிரத்தைச் சிறிதாக்க ஆசாரி நெருப்பு வைத்தால் கண்ணாடி இளகி வெளியே வந்துவிடும். பழைய ஆசாரி இதைப் பார்த்த மாத்திரத்தில் ஒதுக்கியிருப்பார். ஜோதிட விதிப்படியும் இது வேண்டாத கல்: தோஷமுள்ளது, அதுவும் தோஷத்தை மறைத்தது. கல் பலிக்கும் என்று நம்பாதவருக்கு இது ஒரு சிவப்பு மோதிரம், பிடித்தால் போட்டுக்கொள்ளலாம். நம்புகிறவர்தான் கடைசி வரியைக் கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டும். நடைமுறையில் நேர்மாறாக இருக்கிறது. சூரியனைச் சாந்தி செய்யப் போகிறவர் எடையை மட்டும் கேட்கிறார், எத்தனை கேரட், ஐந்துக்குக் குறையக் கூடாது என்று. எடைக்கு ஆசைப்பட்டால் விலை கட்டாது. விலை கட்ட வேண்டுமானால் கண்ணாடி ஊற்றித்தான் ஆக வேண்டும். அரை கேரட் சுத்தமான மாணிக்கம் எழுதிக் கொடுக்கிற ஜோதிடரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

மதிப்பு என்ற பேச்சுக்கு வந்தால் அடகுக் கடைதான் அளவுகோல். கிள்ளானில் எந்த அடகுக் கடையிலும் ராசிக்கல் மோதிரத்தை நீட்டுங்கள். தராசில் வைப்பார்கள், கல் எடை இவ்வளவு என்று கழிப்பார்கள், மிச்சத் தங்கத்துக்குப் பணம். கல்லுக்குச் சுழியம். வாங்கிய கடையிலேயே மாற்றினாலும் பல நேரம் இதே கதை, கல்லைப் பிதுக்கி எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். தங்கம் ஏறினால் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் தெரியும், காலையில் வானொலியைக் கேட்டால் போதும். கல்லுக்கு அப்படிப் பொது விலை எதுவும் கிடையாது. கனகபுஷ்பராகத்தின் விலை அந்தக் கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வது. தங்கம் எட்டாத உயரத்துக்குப் போனதிலிருந்து இளைஞர்கள் ராசிக்கல்லை வெள்ளியில் கட்டிக்கொள்கிறார்கள். அப்படிக் கட்டினால் மோதிரத்தில் திரும்பக் கிடைக்கிற காசு ஏறத்தாழ ஒன்றுமே இல்லை.

இது தமிழர் கதை மட்டுமல்ல. மஸ்ஜித் இந்தியா பக்கம் மலாய்க்காரர்கள் அகேட் கல் மோதிரங்களைத் தரைவிரிப்பில் பரப்பி விற்பார்கள். டார்ச் விளக்கை அடியில் பிடித்து ஒளியைக் காட்டுவார்கள். 2014, 2015இல் இந்தோனேசியாவில் 'பத்து அக்கிக்' என்கிற அகேட் கல் மோகம் தலைக்கேறி, ஆளுக்கு நாலு மோதிரம் போட்டுத் திரிந்தார்கள். அதன் அலை இங்கேயும் அடித்தது. பித்தம் தெளிந்ததும் விலை சரிந்துவிட்டது. பெட்டாலிங் சாலைச் சீனர்களுக்கு ஜேட் கல்மேல் உயிர். அதிலும் பிசின் ஏற்றியதா இல்லையா என்று தரம் பிரித்துச் சான்றிதழ் போடுகிறார்கள். கல்லை இனம் பார்க்கத் தெரிந்த கிழவர்கள் மூன்று சமூகத்திலும் குறைந்துவருகிறார்கள்.

நம் பக்கம் அந்தக் குறைவுக்குக் காரணம் வயசு மட்டுமில்லை. ஆசாரி பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்; அதை யாரும் குறை சொல்ல முடியாது. பட்டறையில் உட்காரத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் வரவழைத்தார்கள். 2009இல் மலேசிய அரசு பொற்கொல்லர், முடிதிருத்தகம், துணிக்கடைத் தொழில்களுக்கு வெளிநாட்டு ஆள் எடுப்பதை நிறுத்தியது. கதவு பதினான்கு ஆண்டு மூடியே இருந்தது. 2023இல்தான் மூன்று துறைக்கும் சேர்த்து 7,500 பேர் என்று அறிவிப்பு வந்தது. அதற்குள் வார்ப்பு மோதிரமும், ஹாங்காங், தாய்லாந்து இயந்திர வேலையும் அலமாரிகளைப் பிடித்துக்கொண்டன. கல்லைக் கையில் வாங்கி விளக்கில் பார்த்து 'வேண்டாம்' என்று சொல்லக்கூடிய மூன்றாவது ஆள்தான் முதலில் காணாமல் போனவர்.

அவருக்குப் பதிலாக இப்போது நமக்கு இருப்பது சட்டம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தீர்ப்பாயம் ஒன்று இயங்குகிறது. வழக்கறிஞர் வேண்டாம், கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம். கல் பலிக்கவில்லை என்று அங்கே போக முடியாது. இயற்கைக் கல் என்று சொல்லிக் கண்ணாடி ஊற்றியதைத் தந்தார்கள் என்று போகலாம். அதற்கு ரசீதில் எழுதியிருக்க வேண்டும்: என்ன கல், எத்தனை கேரட், இயற்கையா, சூடு செய்ததா, நிரப்பியதா. தங்கத்துக்கு எடை, தரம், கூலி, அன்றைய விலை என்று நாலு வரி வருகிறது. எங்கள் வீட்டு அலமாரியிலிருந்த பழைய ரசீதுகளையும், கேட்டு வாங்கிப் பார்த்த அக்கம்பக்கத்து ரசீதுகளையும் புரட்டினேன். கல்லுக்கு அவற்றில் ஒரே வரிதான், எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி: ராசிக்கல் – 1.